புகையின் அடி

என் மகளுக்கு,

மாடியில் ஏற்றிய வயர்லெஸ் ஏரியல் பார்க்கும் திசையில்தான் பேச்சு போகுமாம். மெக்கானிக் பிச்சைமணி, போடிமெட்டில் உங்கள் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகையைக் குறிவைத்துத் திருப்பினான். காலை முழுக்கப் பெட்டியில் வெறும் இரைச்சல்தான்.

"புகை காத்துல சாஞ்சு நிக்குதப்பு. அடியைப் பாத்துத் திருப்பு" என்றேன்.

"கான்வென்ட்டுல இதையுமா படிச்சீக, ஆத்தா?" என்று சிரித்தபடி இரண்டு விரற்கடை திருப்பினான்.

உடனே உன் குரல். என்னைக் கேளாமல் மாலை மாற்றிக்கொண்டு நீ மலையேறி மூன்று வருஷம். "அம்மா, சாப்பிட்டீகளா?" என்றாய்.

நானும் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும் என்று பிச்சைமணி பிறகுதான் சொன்னான். உனக்கு ஒரு வார்த்தையும் வந்திருக்காது. அவன் முன்னால் மறுபடியும் சொல்ல நான் தயாராக இல்லை.

ஆகவே எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையோடு வா. மாப்பிள்ளை என்றே எழுதியிருக்கிறேன், கவனித்துக்கொள்.

உன் அம்மா