மோட்டார் பெட்டிக்கு வந்த மெசேஜ்

ஆசை அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. வயலை இப்போது நான்தான் பார்க்கிறேன். எரிச்சலோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்ல?

லாரியோடு ஊர் ஊராகச் சுற்றியபோதும் தண்ணீர் பாய்ச்ச வேண்டுமென்று நீ ஒரு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டினாயே, சிக்கல் அதில்தான். மும்முனைக் கரண்ட் வந்ததும் அந்தப் பெட்டி, உள்ளே இருக்கிற சிம் வழியாக நமக்குப் போன் செய்யும். திருப்பி அழைத்தால் மோட்டார் ஓடும். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே நானும் அப்படித்தான் பாய்ச்சிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் பெட்டியிலிருந்து போனே வரவில்லை. கரண்ட் இல்லை போல என்று இருந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை குன்றக்குடி வயலுக்குப் போனால், விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடிக்கிற நேரத்தில் கடலை துவண்டு கிடக்கிறது. மேட்டுப் பாத்தி முழுக்கக் கருகிவிட்டது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுக் காரைக்குடியில் சிம் கம்பெனிக் கடைக்குப் போனேன்.

“எங்க கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் ஒண்ணாயிருச்சுக்கா. பழைய டூஜி சிக்னலை நிப்பாட்டிட்டாக. முன்னாடியே இந்த நம்பருக்கு மெசேஜ் வந்திருக்குமே?” என்றாள் கவுண்டரில் இருந்த பெண்.

“இது மோட்டார் பெட்டி நம்பரும்மா. பெட்டி எப்படிப் படிக்கும்?”

அவள் கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். “இதே நம்பருக்குப் புது சிம் தருவீகளா?” என்று கேட்டேன்.

“சிம்மு யாரு பேருல இருக்கோ, அவுகதான் நேர்ல வந்து ரேகை வைக்கணும்.”

“எங்க அண்ணன் பேருல. அவுக இறந்துட்டாக.”

“அப்ப இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் ரெண்டும் வேணும். ஆனா புது சிம் போட்டாலும், டூஜி மட்டும் எடுக்குற உங்க பழைய பெட்டியில வேலை செய்யாதுக்கா.”

பிறகு எதற்கம்மா சான்றிதழ் என்று கத்திவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. பாவம், அந்தப் பெண்ணைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நிறுத்தச் சொன்னவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், சொல்.

கடைசியில் நம் மோட்டார் மெக்கானிக்தான் வழி சொன்னார். வேறொரு கம்பெனியில் டூஜி இன்னும் ஓடுகிறதாம். “அதுவும் எத்தனை நாளைக்கோ தெரியாது தாயி” என்றார். என் பேரில் ஒரு சிம் வாங்கி வந்து கொடுத்தேன். அதைப் பெட்டியில் போட்டவர், “மொத நம்பரு உங்க அண்ணனோடது. அதை எடுத்துரவா?” என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். கரண்ட் வரும்போதெல்லாம் பெட்டி முதலில் உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறது. நீ எடுக்காததால்தான் என்னிடம் வந்திருக்கிறது. இந்த எட்டு மாதமும், தினமும். உனக்குக் கேட்டதா அண்ணே?

எடுத்துவிடச் சொல்லித் தலையாட்டினேன். உன் நம்பரை எடுத்துவிட்டு என்னுடையதை முதலில் போட்டார். நான் அழைத்ததும் மோட்டார் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் வந்தது.

மேட்டுப் பாத்தி போனது போனதுதான். மிச்சக் கடலையைக் கரையேற்றிவிடுவேன். இனி பெட்டி எப்போது கூப்பிட்டாலும் முதல் மணியிலேயே நான் எடுப்பேன். நீ நிம்மதியாக இரு.

உன் கூடப்பிறந்தவள்,
பாண்டிச்செல்வி