மிளகு போடாத டப்பா

டீச்சர்,

இன்று காலை பூஜை அலமாரியைத் திறந்ததும் முகத்தில் அடித்த கற்பூர வாசனை உங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. நீங்கள் போய் ஆறு மாதமாகிறது. நீங்கள் உயிரோடு இருந்தபோது சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

உங்களை நான் நம்பியதே இல்லை. அஸ்தினாபுரத்தில் உங்கள் வீட்டு முன்னறையில் எல்.கே.ஜி. நடத்தினீர்கள். மூன்று மாதமாகியும் என் பவித்ராவுக்கு ஒரு ரைம்ஸ்கூட வரவில்லை. கேட்டால், "கேள்வி கேக்கறாளே, போதாதா?" என்று சிரித்தீர்கள். நான் எட்டாவதோடு நின்று, மற்றதை நானாகவே படித்தவள். சிரிக்கிற டீச்சர்கள் மேல் எனக்குச் சந்தேகம்.

மீட்டர்கேஜ் ரயில் ஓடிய கடைசி வருஷம் அது. வெள்ளிதோறும் கற்பூர வில்லைகளை எண்ணி வைப்பேன். ஒரு வெள்ளியன்று ஒன்று குறைந்தது. தேடினால், ஜன்னலோரம் ஒரு காகிதத்தின் மேல் இருக்கிறது. சுற்றிலும் பென்சில் வட்டம். வட்டத்தைவிட வில்லை சின்னது.

"எறும்பு தின்னுதும்மா. எறும்பு வராத மாதிரி வெச்சுப் பாருன்னு டீச்சர் சொன்னாங்க," என்றாள் பவித்ரா.

சர்க்கரைக்கு நான் செய்வதுபோல, தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவே கிண்ணத்தில் வைத்தாள். அப்போதும் தேய்ந்தது. நாலாம் நாள் மோந்து பார்த்துவிட்டு, "வாசனையா வெளிய போயிடுதும்மா. சாமி எடுத்துக்கல," என்றாள்.

சாமிதான் எடுத்துக்கொள்கிறார் என்று சொல்லி வளர்த்தவள் நான்.

"யார் சொல்லிக் குடுத்தது?"

"யாருமில்ல. நானேதான் மோந்தேன்."

நம்பவில்லை. பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு உங்கள் வாசலில் வந்து கத்தினேன்: "சாமி இல்லேன்னா சொல்லித் தரீங்க?"

"வாசனை வரைக்கும் வந்துட்டாளா!" என்று வாய்பிளந்தீர்கள். "எறும்போட நிப்பான்னு நெனச்சேங்க. ஆமா, நீங்க கற்பூரத்துல மிளகு போடுவீங்களா?"

"போடுவேன். கரையாது."

"போடாம வெச்சுப் பாத்தீங்களா?"

விறுவிறுவென்று வீட்டுக்குத் திரும்பினேன். மறுநாள் அவளை அனுப்பினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

நீங்கள் கண்மூடிய அந்த வாரமே இரண்டு டப்பாக்களில் பத்துப் பத்து வில்லைகள் வைத்தேன். ஒன்றில் மிளகு, மற்றதில் இல்லை. சாமிக்கு முன்னால்தான் வைத்தேன், அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இன்று திறந்தால் இரண்டிலும் ஒரே மாதிரி சிறுத்திருக்கிறது. உங்களிடம் சொல்ல உங்கள் தெருமுனை வரை நடந்துவிட்டேன். பிறகுதான் நினைவு வந்தது.

திரும்பி வந்து விளக்கேற்றினேன். மிளகு டப்பாவின் மூடி கொஞ்சம் லூசாக இருந்ததால்தான் அதுவும் கரைந்ததோ என்று சந்தேகமாக இருக்கிறது. மூடிகளை மாற்றி வைத்திருக்கிறேன், டீச்சர்.