கடைசி நிமிடத்திலும் ஊதுகிற நடுவர்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். ஐஸ் ஹாக்கி அரங்கின் காபிக் கடையோடு, ஆட்ட நாட்களில் தவறு செய்த ஆட்டக்காரர்களை உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டியின் கதவைத் திறந்து மூடும் வேலையும் எனக்கே தந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியதுமே, எதிராளியின் காலை மட்டையால் இடறிய வெளியூர்க்காரன் ஒருவனை நடுவர் கார்னெட் பெட்டிக்கு அனுப்பினார். ஆட்டம் முடியும் நேரத்தில் இந்த ஊர்க்காரன் ஒருவன் அதையே செய்தபோது விசில் வரவில்லை. ஆட்டம் முடிந்து காபி வாங்க வந்த கார்னெட், "என்னம்மா, என்னையே முறைக்கிற?" என்றார்.

"எங்கப்பாவா இருந்தா ஊதியிருப்பாரு."

நானா பேசினேன் என்று எனக்கே வியப்பு. உங்கள் பெயரைக் கேட்டதும் சிரித்தார்.

"ஓரெஸ்ட் பொண்ணா நீ! கடைசி நேரத்துல நாங்கல்லாம் விசிலைப் பாக்கெட்ல போட்டுருவோம். அந்த ஆளு அப்பவும் ஊதுவான். அதான் எந்த ஊரும் கூப்பிடுறதில்ல."

அரங்கை நடத்தும் மர்லீன் அக்கா உள்ளிருந்து வந்தார். "தோத்தவங்க என்னைப் பிடிச்சுக் கத்துறாங்க. இறுதி ஆட்டத்துக்கு உங்கப்பாவே வரட்டும். நம்ம பசங்களையும் விடமாட்டாரோ?"

"விடமாட்டாரு."

"அப்ப சரி."

இந்தக் குளிர்காலம் யாரும் அழைக்காததால் விசிலையே விட்டுவிடப் போவதாக எழுதியிருந்தீர்களே. அக்கா தொலைபேசியில் கேட்டால் மறுக்காதீர்கள், அப்பா. வரும்போது என் தடித்த காலுறையும் அம்மாவின் பீட்ரூட் ஊறுகாயும் வேண்டும். மறந்தாலும் பரவாயில்லை, நீங்கள் வந்தால் போதும். பேச நேரமே கிடைக்காவிட்டாலும், ஒவ்வொரு தண்டனைக்கும் ஆட்டக்காரனை அழைத்துக்கொண்டு நான் நிற்கும் கதவுவரை வருவீர்கள் அல்லவா?

அக்கா கூப்பிடுகிறார்.

உங்கள் மகள்,
லரிசா