ஓரத்தில் ஒரு பெருவிரல்

மச்சான்,

இன்றைக்கும் அந்தக் கறுப்பு டிஸ்க்கைச் செருகினேன். புத்தளத்து உப்புக்காற்றில் துருவேறிய கணினியின் வாய், இரண்டு தரம் ஊதிய பிறகுதான் பிடித்தது. கொஞ்சம் சுழன்றது. பிறகு திரையில் அதே வரி: இன்புட் அவுட்புட் எரர். மூன்று நாளாக இதே வேலை, எனக்கு அலுத்துவிட்டது.

உன் மகள் நேற்றும் நம் கணினிக் கடைக்கு வந்தாள். "சாச்சா, வாப்பாட காணி உறுதி கிடைச்சுதா? திங்கக்கிழமை மன்னாருக்குப் போகணும். காணிக்குப் பிரதியாவது கொண்டு வரட்டாம்."

"தேடுறன் மகள்" என்றேன். மூல உறுதி, மன்னாரை விட்டு வந்து நாம் இருந்த முகாமில் வெள்ளம் புகுந்தபோதே போய்விட்டது. அதற்கு முதல் நாம் ஊர்ச்சனத்தின் உறுதிகளையெல்லாம் ஸ்கேன் பண்ணி வைத்ததுதான் மிச்சம். அந்த மிச்சத்தைக் கெடுத்தவன் நான்.

அன்று கணினியில் இடமில்லை என்று எல்லாவற்றையும் டிஸ்க்குக்கு மாற்ற விட்டாய். "மாத்தாத, பிரதி எடு" என்றேன். "இடம் எங்க மச்சான் கிடக்கு?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாய். ஒரு மணித்தியாலத்தில் உன் மௌத்துச் செய்தி வந்தது. அஸருக்கு அடக்கம் என்றார்கள். ஜனாஸாவுக்கு ஓடும் அவசரத்தில், எழுதிக்கொண்டிருந்த டிஸ்க்கைப் பிடுங்கி மேசை லாச்சிக்குள் எறிந்தேன். கணினிக்குச் சொல்லாமல் டிஸ்க்கைக் கழற்றாதீர்கள் என்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஓதியவன் நான்தான்.

சனத்தின் பென் டிரைவோடு வைரஸ் வருகிறது என்று கடைக் கணினியில் லினக்ஸ் போட்டவன் நீ. பழுதான டிஸ்க் வந்தால் "முதல்ல பிரதி, பிறகுதான் வைத்தியம்" என்பாய். இன்று கடைசியில் அப்படியே செய்தேன். அதில் எதுவும் எழுதப்படாமல் பூட்டி, வாசிக்க முடிந்ததை வேறு டிஸ்க்கில் இறக்கி, அந்தப் பிரதியில்தான் பழுதுபார்க்கும் கட்டளையை ஓட்டினேன். கேள்வி கேள்வியாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். படங்கள் வந்தன, பெயர்கள் வரவில்லை. எல்லாம் வெறும் இலக்கங்கள்.

ஒவ்வொன்றாகத் திறந்தேன். எல்லா உறுதியின் ஓரத்திலும் உன் பெருவிரல். ஸ்கேனரின் மூடி உடைந்த நாளிலிருந்து தாளை அமத்திப் பிடிப்பது உன் பழக்கம். "விரல எடு, சனம் என்ன நினைக்கும்" என்று எத்தனை தரம் ஏசியிருப்பேன். "உறுதியென்டா கைநாட்டு வேணுமே" என்று சிரிப்பாய். சில படங்கள் பாதியோடு சாம்பல் நிறமாகிக் கிடந்தன. உன்னுடையதும் அப்படிப் போயிருக்கும் என்று பயந்தேன்.

லுஹர் தொழுதுவிட்டு வந்து திறந்ததில் வேறொரு விரல் இருந்தது, நகம் பிளந்த விரல். முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்தபோது கதவில் நசுங்கிய என் நகம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. "என்ட காணிக்கு நானே கைநாட்டு வைக்கிறதா? நீ பிடி" என்று என்னைக் கூப்பிட்டிருந்தாய். கீழே வாசித்தேன். உன் பெயரும் உன் வாப்பாவின் பெயரும் முழுசாக இருந்தன.

அச்சடித்துக் கொடுத்தபோது உன் மகள் ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். "இது வாப்பாட விரலா, சாச்சா?"

"இல்ல மகள், என்ட விரல். வாப்பாதான் பிடிக்கச் சொன்னார்."

அந்தக் கையால்தான் டிஸ்க்கையும் பிடுங்கினேன் என்று அவளிடம் சொல்லவில்லை. உனக்குச் சொல்கிறேன், மச்சான்.