பதினேழு வாசல் வேப்பிலை

9.3.94, புதன்

ஊசி நாள். மணிமுத்தாறு அணைக்குக் கீழே உள்ள தெருவுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி கொண்டு போனேன். பதினேழு வீடு, பதினேழு வாசலிலும் வேப்பிலைக் கொத்து. அம்மன் இறங்கிய வீட்டில் வெளியாள் காலடி வைக்கக் கூடாது. எனக்குத் தெரியாதா, நானும் ஆழ்வார்குறிச்சிக்காரிதானே. ஒரு பிள்ளைச் சத்தம் இல்லை. கதவுகளுக்குப் பின்னால் ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது மட்டும் தெரிந்தது. ஐஸ் பெட்டியைத் திறக்காமலே திரும்பினேன்.

காரணம் தெரியாமல் இல்லை. போன மாதம் இசக்கித்தாயின் ஒன்றரை வயது மகனுக்கு ஊசி போட்டேன். நாலாம் நாள் இறந்துவிட்டான். பேதி என்றார் டாக்டர். தெரு கண்டதோ என் ஊசியைத்தான்.

10.3.94

ஒருவேளை நான்தானோ?

16.3.94

மறுபடி போனேன். வாடிய கொத்தை எடுத்துவிட்டுப் புதிதாகச் செருகியிருந்தார்கள். உச்சி வேளை. மூன்றாவது வீட்டிலிருந்து கருவாடு பொரிக்கும் வாசம்! பக்கத்து வீட்டில் கடுகு வெடிக்கிறது. அம்மை கண்ட வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுமா? அடி கள்ளிகளா! சிரிப்பு வந்துவிட்டது. கருவாட்டு வீட்டுக் கதவைத் தட்டினேன். மாரிக்கண்ணு கதவிடுக்கில் ஒரு கண்ணை மட்டும் காட்டினாள்.

"ஏட்டி, உங்க வீட்டு அம்மன் கருவாடு திங்குதாளா?"

"நீங்க தொட்ட பிள்ளை மண்ணுக்குள்ள கெடக்கு நர்சம்மா. இங்கன வராதிய."

ஆத்தா பெயரில் பொய் சொல்லப் பயப்படாதவர்கள் எனக்குப் பயப்படுகிறார்கள். அப்படியானால் நான் யார்?

23.3.94

அதே உச்சி வேளை. இன்று ஒரு வீட்டிலும் தாளிப்பு வாசம் இல்லை. உஷாராகிவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு பிள்ளை இருமியது. எதிர்வீட்டில் இன்னொன்று. அதற்கடுத்து — அதற்கடுத்து — தெரு நெடுக, மூடிய கதவுகளுக்குள் வறட்டு இருமல். நிஜமாகவே வந்துவிட்டது.

மாரிக்கண்ணு இன்று கதவை முழுசாகத் திறந்தாள். "பொய்யாக் கட்டினோம்லா... கூப்பிட்டதா நெனச்சு வந்துட்டா." உள்ளே அவள் மகளுக்கு உடம்பெங்கும் மணல் தூவியதுபோல். இன்னும் அம்மை காணாத பிள்ளைகளுக்காவது போடுகிறேன் என்று கெஞ்சினேன். ஒருத்தியும் பிள்ளையைத் தரவில்லை.

"ஆத்தா இருக்கையில ஊசியா?"

26.3.94

அதே தெருவில் தங்கத்தாயின் குழந்தை அம்மையில் போய்விட்டது. பத்து மாதம். ஐயோ, முதல் நாளே அந்தக் கதவைத் தட்டித் தொலைத்திருக்கக் கூடாதா நான்.

30.3.94

இசக்கித்தாய் தெருமுனையில் காத்திருந்தாள். ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். முதல் வாசலில் நின்று சொன்னாள்: "எம் பிள்ளைய ஊசி கொல்லல. பேதி போவுதுன்னு நான்தான் தண்ணி குடுக்கல. தண்ணி தண்ணின்னு கேட்டான்."

கதவு திறந்தது.

அடுத்த வாசலிலும் அதையே சொன்னாள். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆறாவது வாசலில், போதும் தாயி என்று கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். பதினோரு பிள்ளைகளுக்குப் போட்டேன். கடைசி வாசலில் அவளுக்குக் குரலே இல்லை, உதடு மட்டும் அசைந்தது. அந்தக் கதவும் திறந்தது.