தோரணத்துக்குக் கட்டிய தட்டை

திருச்சி ஹாஸ்டல், 1964

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

சித்தப்பா வயலிலிருந்து நான் கொண்டுவந்த மக்காச்சோள இலையை இன்று டீச்சர் லென்ஸில் காட்டினார். பழுப்புத் திட்டுகளில் கரும்பூசணம் படர்ந்திருந்தது. 

"பக்கத்துல போன வருஷத்துச் சோளத்தட்டை கிடந்துச்சா? காய்ஞ்சாலும் பூசணம் சாகாதும்மா, காத்துல பரவும்" என்றார்.

மாதா திருநாள் தோரணத்துக்கு நம் வயலில் போன வருஷம் நோய் கண்ட தட்டையைத்தானே சித்தப்பா வரப்பில் கட்டினோம்? கட்டியது நான். மூன்று முறை சோப்புப் போட்டும் கை அருவருக்கிறது.

அவர் பயிர் கருகியதும், "பொறாமை புடிச்சவனுக்கு மாதா குடுத்த கூலி" என்று சிரித்தீர்கள். மன்னியுங்கள் அப்பா, பூசணத்தைவிட அந்தச் சிரிப்புதான் அதிகம் குமட்டுகிறது.

மிச்சத் தட்டையைக் கொளுத்திவிட்டு, சித்தப்பாவிடம் நீங்களே உண்மையைச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் நானே அவருக்கு எழுத இன்னொரு தாளும் எடுத்து வைத்திருக்கிறேன்.

விளக்கை அணைக்கப் போகிறார்கள்.

உங்கள் மகள்