டேப் என்னிடம், மிஷின் அவனிடம்

என் கண்ணு குமாரு,

போன இடத்திலாவது வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நம் திருப்பதி வீட்டில் டெலிபோன் லைனைக் கம்ப்யூட்டரில் மாட்டி நோட்டீஸ் போர்டு மாதிரி ஒரு போர்டு நடத்தினாயே. கண்ட ஊர்ப் பசங்களும் அவரவர் கம்ப்யூட்டரிலிருந்து போன் போட்டு அதில் சேதி எழுதிவைப்பார்கள். லைன் எப்போதும் பிஸி. நாகலாபுரத்தில் என் தங்கச்சி பெண் பெரியவளான சேதியே ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்கு வந்தது. அதை நான் மறக்கவில்லை.

இடம் நிரம்பினால் பழைய சேதியெல்லாம் டேப்பில் ஏற்றிவிட்டுக் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்துவிடுவாய். "டேப்புல கீதும்மா, எங்கயும் போவாது" என்பாய். போகவில்லைதான். அத்தனை டேப்பையும் உன் லுங்கியில் சுற்றிப் பீரோவில் வைத்திருக்கிறேன். என்ன பிரயோசனம்? அதை ஓட்டுகிற மிஷினை உன் சிநேகிதன் முரளி, உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, சாப்பிட்ட இலை எடுக்குமுன் கழற்றிக்கொண்டு போனான். "அது என்னுதும்மா, குமாருக்கு சும்மா குடுத்து வச்சிருந்தேன்" என்றான். இருக்கட்டுமே. அன்றைக்கா கேட்பது? அதோடு பேச்சை நிறுத்தினேன். டேப்பையும் கொடுக்கவில்லை.

போன வாரம் அவனே வாசலில் வந்து நின்றான். தலையெல்லாம் நரை.

"யம்மா, டேப்பு ஒட்டிக்கினு பூடும். மிஷினுக்கு ரப்பரு மாத்தி வச்சிக்கீறேன். இப்ப உட்டா அப்பறம் எப்பவும் எடுக்க முடியாது."

"இத்தினி வருசம் இன்னாடா பண்ணிக்கினு இருந்தே?"

"நீ கதவத் தொறந்தாத்தானே!"

வாய் மட்டும் குறையவில்லை. மிஷினை இங்கே கொண்டுவரவும் முடியாதாம், பழசு, அசைத்தால் மறுபடி கெட்டுவிடுமாம். நான்தான் சித்தூரில் அவன் வீட்டுக்குப் போகணுமாம்.

சுவரில் உன் போட்டோ இருக்கிறது. நீ எழுதினது ஒரு வரி இந்த வீட்டில் இல்லை. எல்லாவற்றையும் அந்தப் போர்டில்தானே தட்டினாய்? அதுவும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாயாம். எழுத்துக் கூட்டித் தமிழ் படிக்கிறவள் உன் அம்மா. தெரிந்தும் ஏன்டா அப்படிச் செய்தாய்?

"அப்ப கம்ப்யூட்டருக்குத் தமிழ் வராதும்மா. அவன் சுருக்கிச் சுருக்கி எழுதுவான், எனக்குத்தான் புரியும். நானே படிச்சிச் சொல்றேன்" என்கிறான் முரளி.

என் பிள்ளை பேச்சை நான் இவன் வாயிலா கேட்கணும்?

கேட்கத்தான் போகிறேன். வியாழக்கிழமை சித்தூர் பஸ் ஏறுகிறேன். டேப்பெல்லாம் என் மடியிலேயே வரும். ஒன்றை ஓட்டி முடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தால்தான் அடுத்தது. அவன் வீட்டில் தண்ணீர்கூடத் தொடமாட்டேன். ஆனால் அவன் படிக்கும்போது குறுக்கே ஒரு வார்த்தை திட்டமாட்டேன். நீ சொன்னதெல்லாம் முடிகிறவரை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன்னைப் பெற்றவள்,
அம்மா